சீவலப்பேரியில் பன்னிரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது, ஆனால் வெயில் அடிக்கிற பக்கம். என் ராசி எப்போதும் அப்படித்தான்.

முப்பத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் அச்செழுத்தைக் கண்டால் கை பேனாவைத் தேடும். கல்யாணப் பத்திரிகையில் பிழை சொல்லி உறவைக் கெடுத்துக்கொண்டதும் உண்டு. இப்போது ஏழாம் நாள் சபை தோன்றிய கதையைச் சிறு புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சபைக்காரன் அல்ல நான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ஆள். கிறிஸ்து திரும்பி வருகிற நாளுக்கு ஒரு கூட்டம் தேதி குறித்துக் காத்திருந்ததே, அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு எப்படிக் காரணமாயிற்று என்பதுதான் விஷயம். சனிக்கிழமை வந்து அதைப் பேசுங்கள் என்று சீவலப்பேரிச் சபையார் அழைத்திருந்தார்கள்.

பகல் 11.30. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, இரண்டு இட்லி, ஒரு வடை, காப்பி. பிறகு பாளையங்கோட்டை வந்து சீவலப்பேரி டவுன் பஸ். பதினைந்து கிலோமீட்டர் என்றார் கண்டக்டர். யார் வீட்டுக்கு என்று கேட்டார். சபையார் என்னைத் தங்கச் சொல்லியிருந்த ஜெபசெல்வி வீட்டுக்கு என்றேன்.

"சனிக்கிழமைக்காரங்க வீடா? நல்ல மனுசி. ஆனா இன்னைக்கு அவங்ககிட்ட பேச்சு குடுக்காதீய. அறுவடை மிஷின் வரலைன்னு நேத்துலேருந்து நெருப்புல நிக்காவ."

மாசி மாதம். சாலையின் இரு புறமும் பிசானப் பருவத்து நெல் மஞ்சளாகத் தலை சாய்ந்து நின்றது. பாதி வயல் அறுத்தாயிற்று, பாதி காத்திருந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மதியம் 1.20. ஜெபசெல்விக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, ஒரே மகன் சென்னையில் வேலை. இரண்டு ஏக்கர் நெல்லைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு போட்டுவிட்டுத் தன் நிலைமையை நேராகவே சொன்னார்.

"வியாழக்கிழமை காலையில வாரேன்னவன் இன்னும் வரல அண்ணாச்சி. இன்னைக்குப் பொழுது அடைஞ்சா ஓய்வுநாள். நாளைக்குப் பொழுது அடையுற வரைக்கும் வேலை கிடையாது, வேலை வாங்கவும் மாட்டேன். அந்த மிஷினு ராத்திரியே அடுத்த ஊருக்குப் போயிரும். மழை வேற வருதுங்கான். நெல்லு சாஞ்சிச்சுன்னா முளை கட்டிரும். ஒரு வருசச் சாப்பாடு அது."

இந்தச் சபையார்க்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறைகிற நேரத்தை வாரவாரியாக அச்சிட்ட தாள் ஒன்று வீட்டில் தொங்கும். ஜெபசெல்வி வீட்டிலும் கடிகாரத்துக்குக் கீழே தொங்கியது. ஒவ்வொரு புது வருடமும் மகன் கொண்டுவந்து மாட்டுகிறானாம். அன்றைய வரியில் மாலை 6.16 என்று இருந்தது. பழக்கதோஷம், நான் தாளின் அடிவரை படித்தேன். அடியில் பொடி எழுத்தில் 'சென்னை' என்று போட்டிருந்தது.

சென்னையில் நமக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கைபேசியில் திருநெல்வேலிக்குப் பார்த்தேன்: 6.28.

வாயைத் திறக்கப் போனேன், மூடிக்கொண்டேன். வந்த அன்றைக்கே அடுத்தவர் விசுவாசத்தில் திருத்தப் பேனா வைப்பதா? சிறிது முந்தி நிறுத்துவதில் என்ன நஷ்டம் என்றும் நினைத்தேன். மிஷின்தான் வரவேயில்லையே.

மாலை 4.10. வந்தது. ஓட்டுநர் வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "யக்கா, ரெண்டு ஏக்கரு. ரெண்டரை மணி நேரம் குடுங்க, முடிச்சுருதேன்."

"ஆறே பதினாறு வரைக்கும்தான் தம்பி."

"அது என்னக்கா ஆறே பதினாறு?"

"அது அப்படித்தான். நீ இறங்கு."

மிஷின் இறங்கியது. நெல் அதன் பெட்டியில் நிறைய நிறைய டிராக்டரில் கொட்டினார்கள். ஜெபசெல்வி வரப்பில் உட்காரவேயில்லை. மிஷின் திரும்புகிற இடத்திலெல்லாம் கூடவே ஓடினார், தப்பிய கதிரைக் கையால் ஒடித்து முந்தானையில் போட்டுக்கொண்டார். ஆறேகாலுக்கு மூலையில் ஒரு துண்டு மீதி, இருபது சென்ட் இருக்கும். மேற்கே மேகம் அடைத்துக்கொண்டிருந்ததால் சூரியன் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. ஆறே பதினாறுக்கு அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"யக்கா, வெளிச்சம் இருக்கே! இன்னும் பத்து நிமிசம். பத்தே பத்து. நக்கிப் போட்டாப்ல முடிச்சுருவேன்."

"நிறுத்து தம்பி."

"மழை வரும்க்கா!"

"நிறுத்துன்னா நிறுத்து."

மிஷின் நின்றது. ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தயக்கம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை. காலை ஆராதனை, மதியம் எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பாடு. மூன்று மணிக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். தகரக் கூரை, முப்பது பேர்.

அமெரிக்காவில் இருந்த ஒரு விவசாயியைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு எபிரேயு தெரியாது. கையில் இருந்தது ஆங்கில வேதாகமமும், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் அகராதியும். தானியேலின் தரிசனத்தில் வருகிற இரண்டாயிரத்து முந்நூறு என்ற எண்ணை மூலம் 'மாலை, காலை' என்று எண்ணுகிறது. ஆங்கிலக்காரர் அதை 'நாட்கள்' என்று ஆக்கினார்கள். நம் தமிழில் 'இராப்பகல்' என்று இருக்கிறது. மாலையையும் காலையையும் தனித்தனியாக எண்ணினால் நாட்கள் பாதியாகிவிடும் என்பவர்களும் உண்டு. அவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. நாட்கள் என்றே போட்டிருந்ததே. ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டார்.

"எங்கேயிருந்து எண்ணுவது? அதற்கும் அந்தப் புத்தகத்திலேயே விடை இருந்தது. பக்க ஓரத்தில் ஆண்டுகள் அச்சிட்டிருந்தார்கள். அவை வேதவசனம் அல்ல; முன்னொரு காலத்தில் ஒரு பேராயர் தன் அறிவுக்கு எட்டியபடி போட்ட கணக்கு. வசனத்துக்குப் பக்கத்திலேயே அச்சானதால் ஜனங்கள் அதையும் வசனம் போலவே நம்பினார்கள். அந்த நாட்களின் முடிவில் பரிசுத்த ஸ்தலம் 'சுத்திகரிக்கப்படும்' என்று ஒரு சொல். மூலத்தில் அதற்கு 'நியாயம் நிலைநாட்டப்படும்' என்பதே நெருங்கிய பொருள். அவர் சுத்திகரிப்பு என்றதும் பூமி நெருப்பால் சுத்தமாகும், கிறிஸ்து வருகிறார் என்று எடுத்துக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபரில் ஒரு நாளைக் குறித்தார்கள். இரவு முழுவதும் காத்திருந்தார்கள். கிறிஸ்து வரவில்லை."

அது இவர்கள் குடும்பக் கதை மாதிரி. பிறகு அவர்களில் சிலர் மறுபடி வாசித்து, சுத்திகரிக்கப்படுவது பூமியல்ல, பரலோகத்துப் பரிசுத்த ஸ்தலம்; வருகை நிச்சயம், தேதிதான் நமக்கில்லை என்று முடிவுக்கு வந்து இந்தச் சபையானார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தகரத்தில் மழை விழுந்தது.

சும்மா தூறலல்ல, கொட்டோ கொட்டென்று கொட்டியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஜெபசெல்வி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நீர் ஓடியது, துடைக்கவில்லை. பக்க ஓரத்தில் யாரோ அச்சிட்டதை நம்பியவர்களைப் பற்றி அரை மணி நேரம் வாய் கிழியப் பேசிய எனக்கு, கடிகாரத்துக்குக் கீழே தொங்கிய அந்தத் தாள் அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவமானமாக இருந்தது. மேற்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு காலை 7.00. வானம் வெளுத்திருந்தது. பத்தே முக்கால் பஸ்ஸில் நான் கிளம்ப வேண்டும். ஜெபசெல்வி மூன்று பெண்களோடு வயலில் இறங்கியிருந்தார். நிற்கிற பயிராக ஒன்றும் இல்லை; இருபது சென்ட்டும் பாய் விரித்தாற்போல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. கையால் தூக்கித் தூக்கி அறுத்தார்கள். கிடைப்பது கிடைக்கட்டும் என்ற வேலை.

வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தாள், சென்னை, பன்னிரண்டு நிமிடம், வெள்ளிக்கிழமை மதியமே தெரியும் என்பது.

அவர் நிமிர்ந்தார். "மதியமே தெரியுமா?"

"தெரியும்மா."

"சொல்லியிருக்கப்படாதா அண்ணாச்சி?"

"உங்க விசுவாசத்துல நான் எதுக்குத் தலையிடணும்னு..."

"விசுவாசம் என்னுது. பொழுது ஊருக்கெல்லாம் பொதுதான?" அரிவாளோடு என் பக்கம் திரும்பினார். "என் பையன் மாட்டுன தாளு, நானும் பாக்கல, அது என் தப்பு. பார்த்த மனுசன் நீங்க வாயை மூடிக்கிட்டு நின்னியளே!"

மற்றப் பெண்கள் தலை நிமிரவில்லை. அவர் குனிந்து அறுக்க ஆரம்பித்தார். இரண்டு கட்டு சேர்ந்த பிறகு, என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"நேத்து சொன்னியளே, ராத்திரி முழுக்கக் காத்திருந்தவங்க. ஆண்டவர் வரலைன்னு ஆனதும் மறுநா காலையில என்ன செஞ்சாங்க?"

"திரும்பவும் வேதத்தை வாசிச்சு, ஆராய்ஞ்சு..."

"அது பொறவு. நான் கேக்கது மறுநா காலையில."

யோசித்தேன். "ஒருத்தர் மக்காச்சோள வயல் வழியா நடந்து போனாராம். நடக்கும்போதுதான் அந்தப் பரலோக விளக்கம் மனசுல தட்டுச்சுன்னு சொல்லுவாங்க."

"சோளம் அறுத்திருந்துச்சா?"

"தெரியலம்மா. நான் அதைத் தேடிப் பார்க்கல."

"அறுத்திருக்க மாட்டாரு. ஆண்டவர் வாராருன்னா எவன் அறுப்பான்?" அவர் கையில் இருந்த ஈரக் கதிரை உதறினார். "விளைஞ்சு கிடக்க பயிரைப் பார்த்துக்கிட்டே நடந்திருக்காரு மனுசன். பாவம்லா."

பிறகு வரப்புக்கு வந்து, இடுப்பில் செருகியிருந்த இன்னொரு அரிவாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பன்னெண்டரைக்கும் பஸ்ஸு உண்டு. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு இறங்குங்க. நீங்க சொல்லாம வச்ச பன்னெண்டு நிமிசத்த அறுத்துக் குடுத்துட்டுப் போங்க."

இறங்கினேன். மூன்று மணி நேரம் ஆனது.