நான் கடித்துக் கொடுத்த பழம்

அந்தக் குரங்குகள் சாகக் காரணம் நான். அமுதா இல்லை. நான்!

கை நடுங்க எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எதற்கும் நடுங்காத கை இது. கடலூர் பழைய பஸ் நிலையத்தில் கூடை தூக்கி வேர்க்கடலை விற்ற கை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், இன்று செம்மண்டலத்தில் மாடி வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். யார் கொடுத்தது? ஒருவரும் இல்லை. இந்த மாவட்டத்தில் எந்தத் தெருவில் குரங்குத் தொல்லை என்றாலும், "கூண்டுக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பெயரை நானே சம்பாதித்தேன்.

என் தொழிலில் எனக்கென்று ஒரு வித்தை உண்டு. கூண்டுக்குள் பழத்தை வைத்துவிட்டு ஒளிந்துகொள்வது மற்றவர்கள் வழக்கம். நான் குரங்கின் எதிரிலேயே உட்காருவேன். வாழைப்பழத்தைப் பாதி கடித்துத் தின்றுவிட்டு மீதியை நீட்டுவேன். இவனே தின்கிறான், இதில் வஞ்சகம் இருக்காது என்று அதற்குத் தோன்றிவிடும்.

வஞ்சகம் இருக்காதாம்!

அமுதா திட்டக்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். குரங்கும் மனிதனும் எங்கே பிரிந்தார்கள், எந்த நோய் யாரிடமிருந்து யாருக்குத் தாவும் என்று ஆராய வந்தவள். சிதம்பரம் கோயில் வீதிகளில் நான் பிடித்த ஒரு கூட்டத்தை, ஊருக்கு வெளியே கம்பிவலைக் கொட்டகையில் வைத்து, முடியும் ரத்தமும் எடுத்துக்கொண்டு, பிறகு காட்டில் விடுவதாக ஏற்பாடு. முதல் நாளே என்னை மாமா என்று கூப்பிட்டாள்.

"கொரங்குலேர்ந்துதான் மனுஷன் வந்தானாமே, நெசமா?" என்று அவளைச் சீண்டினேன்.

"அதுலேர்ந்து வரல மாமா. அதுக்கும் நமக்கும் ஒரே பாட்டன், ரொம்பப் பழைய பாட்டன். பங்காளிங்கன்னு வச்சுக்குங்க."

"அப்போ சொத்துல பங்கு கேக்குமே!"

"சொத்து எங்க இருக்குது? வியாதியிலதான் பங்கு. அதுக்கு வந்தா நமக்கு வரும், நமக்கு வந்தா அதுக்கு வரும். அதனால கடிச்ச பழத்தக் குடுக்காதீங்க மாமா."

"நீ காலேஜில படிச்சது அது. நான் கூண்டுல படிச்சது இது. போம்மா, போய் வேலயப் பாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததில் எனக்கு இருமல் வந்தது...

ஆம், அது வெறும் இருமல் இல்லை. அதற்கு முன்பே பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். உடம்பு கொஞ்சம் தேறியதும் நானே நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன்? எனக்கு மாத்திரையின் நிறம்கூடத் தெரியாது என்று ஊரெல்லாம் மார்தட்டியவன் அல்லவா! என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஒருநாள் அமுதா வந்து நின்றாள்.

"போன வாரந்தான் பாண்டியில எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருக்குதுன்னுட்டான்" என்றேன்.

"அந்தப் படம் இருக்குதா மாமா?"

"ஏன், என் பேச்சவிட படம் ஜாஸ்தியா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "ஐயோ, அப்படி இல்ல மாமா. நான் மேல சொல்லிக்கிறேன்."

சொல்லியும் விட்டாள். என் பேச்சுக்கு அவள் ஜாமீன் நின்றாள்!

முதலில் இளைத்தது காதறுந்த கிழப் பெண்குரங்கு. கூட்டத்துக்கே அவள்தான் தலைவி. என் மடியில் ஏறி உட்கார்ந்து பழத்துக்குக் கை நீட்டுகிறவள். இருமினாள். மனிதன் இருமுகிற மாதிரியே இருமினாள்... பிறகு குட்டிகள். பரிசோதித்தார்கள். டிபி. காட்டில் விட்டால் காடெல்லாம் பரவும், ஊசி போட்டுத் தூங்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஊசி போட வந்த அன்று அவை யாரிடமும் வரவில்லை. வலையின் உச்சியில் ஏறிக்கொண்டு பல்லைக் காட்டின. அமுதா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

"மாமா, ஒங்க கைக்குத்தான் வரும். பயந்து சாக வேணாம் மாமா... நிம்மதியா போவட்டும்."

நோய் தெரிந்ததிலிருந்து எல்லோருக்கும் மாட்டிவிட்டிருந்த முகமூடியைக் கீழே இறக்கினேன். பழத்தைப் பாதி கடித்தேன். நீட்டினேன்.

முதலில் இறங்கி வந்தது அவள்தான், காதறுந்தவள்! மடியில் உட்கார்ந்தாள். அவள் தின்றுகொண்டிருக்கும்போதே கால்நடை டாக்டர் ஊசி போட்டார். பாதித் துண்டு அவள் கன்னத்துக்குள்ளேயே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக... நான் கடிக்கக் கடிக்க, ஒவ்வொன்றாக...

வீட்டுக்கு வந்து கொல்லைக் குழாயடியில் தலை முழுகினேன். பங்காளி செத்தால் முழுக வேண்டும் அல்லவா? "சாவு யாரு வூட்ல?" என்று மனைவி கேட்டாள். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டுத் தலையை நீட்டினேன்.

பிறகு விசாரணை. நோய் குரங்குகளிடம் தானாக முளைக்காது, யாரோ ஒரு மனிதனிடமிருந்துதான் வந்திருக்கிறது என்றார்கள். அமுதாவுக்குக் கல்லூரி நாட்களில் டிபி வந்து முழுதாகக் குணமாகியிருந்தது. சேரும்போதே அவளாகச் சொல்லியிருந்தாள். என்னைப்போல் மறைக்கவில்லை. இப்போது அவள் உடம்பில் கிருமி இல்லை என்றுதான் பரிசோதனையும் சொல்லிற்று. ஆனாலும் பழைய நோய் என்ற சொல் ஒன்றே போதுமாயிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் தன்னையே பார்த்துக்கொண்டாள். அதுதான் கொடுமை! பெரியவர்கள் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். ஆராய்ச்சியை விட்டு ஊருக்குப் போனாள்.

விசாரணை நடந்த அறையின் வாசலில் நானும் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? உங்களிடம் பொய் எதற்கு... சொல்லியிருக்க மாட்டேன். பாண்டிச்சேரிக்கே திரும்பவும் போய், மாத்திரையை முழுதாகத் தின்று, ஆளைத் தேற்றிக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல்!

போன மாதம் திட்டக்குடிக்குப் போயிருந்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் போனேன், நம்புங்கள். அமுதாவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. என்னைக் கண்டதும், "வாங்க மாமா, வாங்க" என்று ஓடி வந்தாள். முகத்தில் முகமூடி. வீட்டுக்குள்ளே, பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகமூடி!

"என்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா. பாப்பாவத் தூக்கறப்ப மட்டும் போட்டுக்குவேன். இதுவரைக்கும் ஒரு முத்தம் குடுத்ததில்ல." சிரித்த மாதிரி இருந்தது. கண் மட்டுந்தானே தெரிகிறது! "டாக்டருங்க ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாங்க. அன்னிக்கும் அப்படித்தான மாமா சொன்னாங்க?"

குழந்தை அந்த முகமூடியைப் பிடித்து இழுத்தது. தாயின் வாயைத் தேடி இழுத்தது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது ஒரு வார்த்தை போதும். 'நீயில்லம்மா, நான்.' என் தொண்டை வரைக்கும் அது வந்தது. வாயைத் திறந்தேன்...

"ஆமாம்மா" என்றேன். "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதான்."

அவள் தலையாட்டினாள். முகமூடியின் கம்பியை மூக்கோடு சேர்த்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொண்டாள்.