ஐஸ்பெட்டிக்குள் அடைகாப்பு

ஒரு கோழி கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்து செய்கிற வேலையை மனுசர் பெட்டி வைத்துச் செய்யப்போனால், அதற்குப் பிறகு நிம்மதி என்ற சொல்லை மறந்துவிட வேண்டியதுதான். இப்பவும் என் ஒரு கை முட்டை புரட்டிக்கொண்டிருக்கிறது. புரட்டியதற்கு அடையாளமாக முட்டையில் புள்ளி போடுகிற பென்சிலாலேயேதான் இதையும் எழுதுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை, ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். ஆனால் உங்களில் ஆராவது வீட்டில் பெட்டி வைத்துக் குஞ்சு பொரிப்பிக்கிறவர்களாக இருந்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

மீன் பெட்டி

எங்கள் பெட்டி, மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற, வெள்ளைத் தக்கை மாதிரியான ரெஜிபோம் பெட்டி. தந்தவா பக்கத்து வளவுப் பிலோமினா அக்கா. அவா முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, கலியாணம் கட்டிக் கனகராயன்குளத்துக்கு வந்தவா. தம்பி மீன் அனுப்பிய பெட்டியை என்னிடம் தந்தபோது, அதற்குள் தன்னுடைய முட்டையே ஒருநாள் கிடக்கும் என்று நினைத்திருக்க மாட்டா.

மாரி தொடங்க முதல் ஊரில் கோழிநோய் வந்தது. அக்காவின் கோழி ஒன்றும் மிஞ்சவில்லை. அவா முட்டை விற்றுச் சீவிக்கிறவா. நோய் வர முதல் எடுத்துவைத்த ஒரு சட்டி முட்டைதான் மிச்சம். அது பொரித்தால்தான் அவாவின் வளவில் திரும்பக் கோழி நடமாடும். அடைக்கு வைக்க ஊரில் ஒரு பேட்டுக் கோழியும் இல்லாதபடியால் சட்டியோடு என்னிடம் வந்தா. பெட்டியை மணந்து பார்த்துவிட்டு, ஐஸ் வைக்கிற இடத்தில் முட்டை விறைக்காதோ என்று கேட்டா. இந்தச் சுவர் சூட்டையும் தராது குளிரையும் தராது, வெளியில் உள்ளதை உள்ளேயும் உள்ளே உள்ளதை வெளியேயும் போகவிடாது, அவ்வளவுதான் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அக்கா சட்டியை மெல்ல என் கையில் தந்தா.

“மீனை நாறாமல் வைச்சிருந்த பெட்டி, குஞ்சை அவியாமல் வைச்சிருந்தால் சரி பிள்ளை.”

வெள்ளை பல்ப்

முட்டை அடுக்க முதல் வெறும் பெட்டியை எரியவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பார்க்கத்தான் பெட்டிக்குச் சூடு தருகிற பழைய குண்டு பல்ப் போய்விட்டது தெரிந்தது. என் மனுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு புளியங்குளம் போய்ப் புதிசு ஒன்று வாங்கிவந்தார். வெள்ளை வெளேரென்று எரிந்தது. வெளிச்சம் கூட, கரண்ட் குறைவு என்று கடைக்காரர் சொன்னாராம். பெட்டிக்குள் ஊசி விழுந்தாலும் தெரியும், ஆனால் கையை விட்டால் குளத்துத் தண்ணி மாதிரி இருந்தது. இவர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம் என்று மூடி மூடித் திறந்தார். இவரின் அம்மா, எங்கள் மாமி, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னா:

“வெளிச்சத்துக்குக் குஞ்சு பொரிக்குமெண்டால் நாங்கள் முட்டையைக் கொண்டுபோய் நிலவிலை எல்லோ வைச்சிருப்பம்.”

இவர் திரும்பவும் சைக்கிளை எடுத்தார்.

இரும்புத் துண்டு

இடி இடித்தால் அடை முட்டை கூழாகிப் போகும், பக்கத்தில் இரும்பு கிடக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குண்டு பல்ப் போட்டு முட்டை அடுக்கிய பிறகு, நான் என் சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போன நேரத்தில் பிலோமினா அக்கா வந்து, ஒரு பழைய கதவுப் பிணைச்சலை, அந்த இரும்புக் கீலை, முட்டைக்கு நடுவில், பல்ப்புக்கு நேரே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டா.

புரட்ட வந்து கையை விட்டேன், சுள்ளென்று சுட்டது. முட்டைக்குக் கீழே விரித்திருந்த காட்போட் மட்டையும் அதே பல்ப்புக்குக் கீழேதான் கிடந்தது, அது சுடவில்லை. இரும்புக்குப் பொறுமையில்லை, பிடித்த சூட்டைத் தொட்டவருக்கு உடனே கொடுத்துவிடும். அதில் முட்டிக்கொண்டிருந்த முட்டை பிறகு பொரிக்கவேயில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழுசிக்கொண்டிருக்க, மாமியே கூப்பிட்டுச் சொன்னா. அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் இரும்பைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லை. கடைசியில் அதை மூடிக்கு வெளியே, மேலே வைத்தோம். அக்கா சொன்னா:

“இடி மேலையிருந்துதானே வரும் பிள்ளை, அங்கை கிடந்து பாக்கட்டும்.”

கரண்ட் போன நாள்

குஞ்சு பொரிக்கவேண்டிய நாள்தான் பார்த்து மழையும் காற்றும் வந்தது. விடியவே எங்கேயோ மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போய்விட்டது. இவர் வேலைக்குப் போய்விட்டார். வெயில் ஒரு சொட்டும் இல்லை. பெட்டியின் சூடு இறங்கத் தொடங்கியது.

மாமி தோசைக்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றித் தந்தா. வைத்த உடனே நல்ல சூடு, ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஆறிவிட்டது. தண்ணி அப்படியில்லை. அது சூடாகவும் சுணங்கும், ஆறவும் சுணங்கும். பிள்ளைக்குச் சளி பிடித்த நேரம் நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுத்த சுடுதண்ணிப் போத்தல், நான் சமைத்து முடிந்த பிறகும் இளஞ்சூடாகவே கிடந்தது ஞாபகம் வந்தது. சோடாப் போத்தல்களில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணி நிரப்பி, இவர் உடுக்கிற பழைய சாரத்தால் சுற்றி, முட்டையைச் சுற்றி அடுக்கி மூடினேன். மேலே போர்வையும் போட்டேன்.

அப்போது அக்கா நனைந்துகொண்டு ஓடிவந்தா. காதை வைத்துக் கேட்டா, ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் செத்துப்போச்சு என்று அழத் தொடங்கினா. திற, என் மடிக்குள் வைத்துச் சூடாக்குகிறேன் என்று மூடியில் கை வைத்தா. திறந்தால் பிடித்துவைத்த சூடு ஒரே மூச்சில் போய்விடும், அவாவின் சீலையோ தெப்பமாக நனைந்திருந்தது. வயதுக்கு மூத்தவாவுக்கு மறுத்துக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. என் இரண்டு கையையும் மூடிமேல் வைத்துக்கொண்டேன்.

“திறக்காதேங்கோ அக்கா. திறந்தால்தான் சாகும்.”

என் குரல் எனக்கே புதிசாக இருந்தது. அக்கா கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினா. மத்தியானம் ஒருதரம் போத்தல் மாற்ற மட்டும் கொஞ்சமாகத் திறந்தேன். பொழுதுபடும் நேரம் கரண்ட் வந்தது, அதோடு இவரும் வந்து, அப்படிச் செய்திருக்கலாம் இப்படிச் செய்திருக்கலாம் என்று எங்களுக்குப் படிப்பித்தார். அக்கா பெட்டியில் காதை வைத்தபடியே இருந்தா. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் கீச்சென்று ஒன்று. பிறகு இன்னொன்று. விடிய, ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பொரித்துக் கிடந்தன. அக்கா முதல் குஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தா.

“இது சேவலாய் வந்தால் உன்ரை மனுசன்ரை பேர்தான் வைப்பன். இதுகும் கரண்ட் வந்தாப்பிறகுதான் வாய் திறந்தது.”

இவ்வளவு பாட்டுக்கும் பிறகு எனக்குத் தெரிந்தது, சூட்டை உண்டாக்க விறகும் கரண்டும் போதும், அதைப் போகவிடாமல் பிடித்துவைக்கத்தான் மூடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஓம் மாமி, பிள்ளை அழுகிறது கேக்குது, நீங்கள் தூக்க வேண்டாம், நான் வாறன், பென்சிலை வைச்சிட்டு.