முப்பத்தேழு தேயிலைக் கட்டுரைகள்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. குன்னூரில் தூறல், வாசல் வெப்பமானியில் பதினேழு டிகிரி. கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை மகள் போனில் அழைத்து, "மாமா, நீங்க குடுத்த படிவமும் அத்தை குடுத்ததும் ஒத்து வரல" என்றாள்.

அவள் பொதுச் சுகாதார ஆய்வாளர். உணவு, பான நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் அவற்றின் பக்கம் சாய்கின்றனவா என்பது அவளுடைய கேள்வி. வெளிவந்த கட்டுரைகளையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் இருவர் தனித்தனியே படித்து, முடிவு சான்றை மீறுகிறதா என்று 'ஆம்', 'இல்லை' போட வேண்டும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. சம்பளம் கொடுக்கப் பணமில்லாததால் எங்களைப் பிடித்தாள்: அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில் முப்பத்தொரு வருடம் அளவு சரிபார்த்து ஓய்வு பெற்ற நான், செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி.

ஐந்து மாதம் ஒரே வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் படித்தோம். மொத்தம் 1,186 கட்டுரைகள். மனைவி சமையலறையில் படித்தபடி ஏழு முறை சிரித்தாள். எதற்கு என்று கேட்க விதி இடம் தரவில்லை.

கடைசியில் ஒரு படிவம். தொடர்புடைய தொழில் எதிலாவது உங்களுக்கோ துணைவருக்கோ ஆதாயம் உண்டா? நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். மனைவி எழுதியது: 'கணவருக்கு அரை ஏக்கர் தேயிலை, கூட்டுறவுத் தொழிற்சாலையில் பத்துப் பங்கு.'

"என்னைக் கேக்காம எழுதிட்டியே?" என்றேன்.

"பேசிக்கப்படாதுன்னு சட்டம் போட்டது யாருங்க?"

"பத்துப் பங்கு ஒரு ஆதாயமா?"

"ஏனுங்க, போன மாசம் பச்சை இலைக்கு வெல எறங்குனப்ப மூணு நாள் தூங்காமக் கெடந்தது யாரு, பக்கத்து ஊட்டுக்காரரா?"

பங்கு இருக்கலாம், அதனால் என் கணிப்பு கோணவில்லை என்று தங்கை மகளிடம் சொன்னேன். என் ஐந்து மாத வேலை நிற்குமா நிற்காதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். இருவர் போட்டதையும் திறந்து ஒப்பிடச் சொன்னேன்.

மறுநாள் சொன்னாள். தேயிலையைப் பற்றியவை முப்பத்தேழு. மற்ற 1,149-இல் நானும் மனைவியும் வேறுபட்டது 52 இடத்தில்தான். தேயிலையில் மனைவி 22 'ஆம்' போட்டிருந்தாள். மூன்றாம் ஆளாகப் படித்த தங்கை மகள், 21. நான், 3.

"மாமா, கூல்டிரிங்க்ஸ் கம்பெனிக்காரனையெல்லாம் தூக்குல போட்டுட்டு, டீக்காரனுக்கு மட்டும் ஜாமீன் குடுத்திருக்கீங்க."

நம்பவில்லை. முப்பத்தேழையும் அச்செடுத்து வந்து, தேயிலை, தேநீர் என்று வந்த இடங்களில் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி மறைத்தேன். 211 இடம். ஒரு வாரம் கழித்து, ஏதோ ஒரு பானம் என்று எண்ணிப் படித்தேன். 'ஆம்' 19 வந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "பசை காயறதுக்குள்ள ஒரு வாய் டீ குடிங்க" என்றாள். குடித்தேன்.

தங்கை மகளைக் கூப்பிட்டு என்னுடையதை எடுத்துவிடச் சொன்னேன்.

"அந்த முப்பத்தேழு மட்டும் எடுத்தாப் போதும் மாமா. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு."

அது எனக்கு ஒப்பவில்லை. ஆலையில் அளக்கும் கருவி பிசகு என்று தெரிந்தால், அதைக் கொண்டு அளந்த அத்தனையும் திரும்பி வரும். பார்வைக்குச் சரியாயிருப்பதை மட்டும் நிறுத்திக்கொள்வதில்லை. 1,186-ஐயும் எடுக்கச் சொன்னேன். மறைக்காமல் எழுதியவள் என்பதால் மனைவியின் வாசிப்பு அப்படியே நின்றது. என் இடத்துக்கு, தேயிலைச் செடியையே கண்ணால் பார்த்திராத ஒருவரைக் கோயம்புத்தூரில் பிடித்தார்கள். கட்டுரைக்குப் பன்னிரண்டு ரூபாய் கேட்டார். நான் கொடுப்பதாகச் சொன்னேன்; தங்கை மகள் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை வாங்கிக்கொண்டாள்.

அவருக்கு 14,232. அச்செடுத்தது 111. பசை 20. மொத்தம் ரூ. 14,363.