டிஷ் விலையும் ஆர்டிஸ் அம்மையாரின் மறுப்பும்

அடக்கம் பெரிய குணம். அதனினும் பெரிது, பிறர் ஒன்றை நீட்டும்போது உடனே கைநீட்டாத அடக்கம். நல்லோர் வாழும் ஊர்களிலெல்லாம் அது உண்டு எனினும், அமெரிக்காவின் வடக்கு மின்னசோட்டாவில் அதற்கு ஓர் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்கள். காப்பி வேண்டுமா என்று ஒருவர் கேட்டால், முதல் முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறையும் கேட்டால்தான், அரைக் கோப்பை போதும் என்று இசையலாம். வந்து சேர்வது என்னவோ நிறைகோப்பைதான். இவ்விலக்கணத்தை ஒருநாளும் வழுவாமல் காத்து வருபவர், எங்கள் தெருக் கோடியில் வாழும் ஆர்டிஸ் டாலஃப்சன் அம்மையார்.

பால்பண்ணை வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். லூத்தரன் கோயிலின் பாடற்குழுவில் கீழ்க்குரல் அவருடையது. தனித்து ஒலிக்காது, ஆயினும் அவர் வராத ஞாயிறுகளில் பாட்டுக்கு அடித்தளமே இல்லாதது போலிருக்கும். கணவர் ஓரின், மாவட்டத்தின் பனி ஒதுக்கும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவர். சொற்களைப் பெட்ரோல் போல அளந்து செலவிடுபவர்.

அந்த ஓரினும் வாய் திறக்கும் பொருள் ஒன்று உண்டு. வழிபாடு முடிந்து கோயிலின் கீழறையில் காப்பி அருந்தும்போது, ஆடவர் இரு கட்சியாகப் பிரிவார்கள்: டிஷ் கட்சி, கேபிள் கட்சி. எவனுடைய விலை விரைந்து ஏறுகிறது என்பதே வாதம். கேபிள் கட்சிக்குத் தலைவர் அடுத்த வீட்டு வெர்லின் ஹாகன்.

"ஓரின், உன் டிஷ் இருக்கே, ரெண்டு வருஷம் பூனை மாதிரி சுருண்டு படுத்துக் கிடக்கும். மூணாவது வருஷம் மூஞ்சி மேல பாயும்."

"உன் கேபிள்காரன் எலிடா. வருஷா வருஷம் கொறிக்கிறான். பூனையாவது ரெண்டு வருஷம் தூங்க விடுது."

இருவர் சொல்வதும் மெய்யே. டிஷ் நிறுவனம் ஒப்பந்தம் போட்ட இரண்டாண்டுக்கு ஒரே விலை என்று வாக்களிக்கும். அது முடிந்த மாதமே விலை ஒன்றரைப் பங்காகும். கேபிள் நிறுவனமோ ஆண்டுதோறும் நாலைந்து டாலர் ஏற்றும். விலையை ஏற்றவில்லை என்று பெருமையடித்துக்கொண்டு, பெட்டி வாடகை, விளையாட்டுக் கட்டணம், உள்ளூர் நிலையக் கட்டணம் என்று புதுப்புதுப் பெயர்களை அடியில் சேர்க்கும். பத்தாண்டைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் நின்றன. ஒன்று படியேறி வந்தது. மற்றொன்று தாவி வந்தது.

ஆர்டிஸ் அம்மையார் வாதத்தில் கலந்ததில்லை. "ரெண்டு பேரும் ஒரே மலைக்குத்தான் ஏறுறானுங்க, இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கங்க," என்பதோடு அவர் பங்கு முடிந்தது.

இவ்வாண்டு பிப்ரவரியில் பூனை பாய்ந்தது. எழுபது டாலராக இருந்த டிஷ் கட்டணம் நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. பாய்ந்த நேரம்தான் பொல்லாதது. அவ்வாரச் சனிக்கிழமை, செயின்ட் பால் நகரில் மாநிலப் பெண்கள் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். எங்கள் பள்ளி அணியின் கோல்காப்பாளர், அவர்களுடைய பேத்தி பிரிட்டா. ஓரினோ தபால் பெட்டிக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு அறுவை செய்துகொண்டு, நாற்காலியோடு ஒடுங்கியிருந்தார். பனிமூடிய வாசற்படி இறங்கி வெர்லின் வீட்டுக்குக்கூடப் போக முடியாது. வெறும் ஆன்டெனாவை நம்பினால் எங்கள் ஊரில் பனிப்புள்ளிகள்தாம் தெரியும். பேத்தியின் ஆட்டத்தைக் காண அவருக்கு இருந்த கண் அந்த டிஷ் ஒன்றே.

ஏறிய விலை அவர்களுடைய ஓய்வூதியத்துக்குத் தாங்காது. ஆகவே வியாழனன்று ஆர்டிஸ் அம்மையார் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார். கேட்டால் குறைப்பார்கள் என்பது ஊரறிந்த செய்தி. மறுமுனையில் பேசிய பெண் டெக்சஸில் இருந்தாள், நல்லவள். இவ்விலை எங்களால் கட்ட முடியாது என்று அம்மையார் சொன்னதும், விலையேற்றம் வருத்தந்தான் என்றாள். ஓராண்டுக்கு மாதம் முப்பது டாலர் கழித்துத் தருகிறேன் என்று முதற்பேச்சிலேயே சொன்னாள்.

அம்மையார் இலக்கணம் தவறவில்லை. "ஐயோ, அதெல்லாம் எதுக்கு கண்ணு. எங்களுக்காக நீ சிரமப்படாத."

டெக்சஸில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே பொருள். "சரிங்க மேடம். அப்போ கணக்க மூடிடட்டுமா?"

இதை இரண்டாம் முறை கேட்பதாகவே அம்மையார் கொண்டார். "உனக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யம்மா," என்று சொல்லி, மூன்றாம் கேள்விக்காகப் புன்னகையோடு காத்திருந்தார். அந்தப் பெண் நன்றி சொல்லி, நாள் இனிதாகுக என்று வாழ்த்தி, தொடர்பைத் துண்டித்தாள். ஓரின் பார்த்துக்கொண்டிருந்த வானிலை அறிக்கை பாதியில் இருண்டது.

ஓரின் இருண்ட திரையிலிருந்து மனைவி பக்கம் திரும்பினார். "என்ன சொன்னா?"

"ரொம்ப மரியாதையா பேசினா," என்றார் அம்மையார், மெல்லிய குரலில்.

செய்தி கேட்டு வெர்லின் ஓடிவந்தார். கேபிள் அலுவலகத்துக்கு அவரே பேசிப் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கு முன் ஆள் வராது என்றார்கள். டிஷ் நிறுவனத்தை மீண்டும் கேட்டபோது, மூடிய கணக்கைத் திறக்கப் பத்து நாள் ஆகும் என்று பதில் வந்தது. புதிய வாடிக்கையாளர் எனில், கூரையில் டிஷ் இருப்பதால், அன்றைக்கே இணைப்புத் தரலாமாம். கணக்கு இதுவரை ஓரின் பெயரில்தான் இருந்தது. ஆர்டிஸ் டாலஃப்சன் என்னும் பெயரில் அம்மையார் வாழ்நாளில் எதையும் வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவரே புதிய வாடிக்கையாளராக மறுபடி அழைப்பதென முடிவாயிற்று. ஓரின் மனைவியைத் தம் அருகே உட்காரவைத்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதை வெர்லின் முன்பு கேட்டதில்லையாம்.

"ஆர்டிஸ், அவன் கேட்ட உடனே சரின்னு சொல்லிடு. ரெண்டாவது தடவ கேக்க மாட்டான்."

"என்னப் பத்தி என்ன நெனைப்பான்?"

"பிரிட்டாவோட பாட்டின்னு நெனைக்கட்டும்."

இம்முறை பேசியவன் ஓர் இளைஞன். கணவர் பெயரிலிருந்த கணக்கு நேற்றுத்தான் மூடப்பட்டது என்பதை அம்மையார் முதலிலேயே ஒளிக்காமல் சொன்னார். உங்கள் பெயரில் இருந்ததா என்பதே எங்களுக்குக் கேள்வி என்றான் அவன். பிறகு விலையைச் சொன்னான்: அறுபத்தைந்து டாலர், இரண்டாண்டுக்கு மாறாது. பழைய விலையினும் குறைவு. "ஆரம்பிச்சிடலாமா மேடம்?"

அம்மையாரின் உதடு வேண்டாம் என்னும் வடிவில் குவிந்ததை வெர்லின் கண்டார். கழுத்துச் சிலுவையை விரலால் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, "சரி," என்றார் அம்மையார். முகம் பீட்ரூட் போலச் சிவந்தது.

இளைஞன் அதோடு விடவில்லை. சினிமா அலைவரிசைகள் மூன்று மாதம் இலவசம், சேர்த்துவிடட்டுமா என்றான்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குப்பா," என்றார் அம்மையார், தம்மையறியாமல்.

சரி என்று அவன் விட்டுவிட்டான். அம்மையார் குற்றவுணர்வோடு கணவரைப் பார்த்தார். ஆனால் நான்காம் மாதம் அவை சத்தமில்லாமல் கட்டணத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதை, கீழறை வாதத்தில் நரைத்த ஓரினும் வெர்லினும் அறிவார்கள். ஓரின் தலையசைத்தார். கேபிள் கட்சித் தலைவரான வெர்லின், டிஷ் கட்சிக்கு வாழ்நாளில் முதன்முறையாகக் கைதட்டினார்.

சனிக்கிழமை மாலை அவ்வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு மூடிய இறைச்சி அவியல் நான்கு அடுப்புகளிலிருந்து வந்து ஒரே சுவையாக இருந்தது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஒரு கோல் முன்னிலையைக் காத்து, பனித்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பிரிட்டா கோலை நோக்கி வந்த ரப்பர் வட்டைத் தடுத்தாள். எல்லோரும் எழுந்தார்கள். எழ முடியாத ஓரின் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

"பரவால்லயே," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு புகழுரை வந்ததில்லை, வரப்போவதுமில்லை. ஆர்டிஸ் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படைத்தவன் அருளால் ஓரின் டாலஃப்சன் எலும்பு கூடி, வசந்தத்தில் ஏரிக்கரைக்கு நடப்பாராக. பிரிட்டாவின் காலும் கண்ணும் தளராதிருக்க. அம்மையார் அடுப்பு அணையாதிருக்க. அவர் குரல் பாடற்குழுவில் பல்லாண்டு ஒலிக்க. அவ்வில்லத்தில் வந்தோரும் வாழ்வோரும் குறைவின்றி வாழ்க.