விற்கக்கூடாத ஃபிரிட்ஜ்

என் அக்கா வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக ஒரு வீட்டுச் சாமான் கடையில் விற்பனையாளராக இருக்கிறார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு பொருளைக்கூட விற்றதில்லை. விற்றிருந்தால் வேலை போயிருக்கும்.

அத்தானை நான் கிண்டல் செய்வது உண்டுதான், ஆனால் இது கிண்டல் இல்லை. கடையின் முதல் மாடியில், படி ஏறியதும் மூன்று ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நிற்கும். சின்னது, நடுத்தரம், அப்புறம் பீரோ மாதிரி இரண்டு கதவு வைத்த பெரியது. கடையில் அதற்குப் பட்டப்பெயர் பெரியவர். வருகிறவர்கள் சின்னதை வாங்கத்தான் வருவார்கள். பெரியவரின் விலைச்சீட்டைப் பார்த்ததும் மூச்சு ஒரு கணம் நின்றுவிடும். அந்த அதிர்ச்சியில் நடுத்தரத்தின் விலை ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதை வாங்கிக்கொண்டு, பெரிய செலவிலிருந்து தப்பித்த நிம்மதியோடு இறங்கிப் போவார்கள். விற்ற பெயர் நடுத்தரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சக ஊழியருக்குப் போகும். பெரியவருக்குப் பக்கத்தில் நின்று அதன் பெருமையைப் பேசுவதும், யாரும் அதை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அத்தானின் உத்தியோகம்.

ஏனென்றால் பெரியவருக்குள் மோட்டார் கிடையாது. விற்கப்போகாத பொருளுக்கு மோட்டார் எதற்கு என்று முதல் வாரமே முதலாளி கழற்றி எடுத்துவிட்டார். "இது வித்துச்சுன்னா அன்னிக்கே நீங்களும் கிளம்பிடலாம்" என்று சொல்லியும் வைத்திருந்தார். அத்தான் தன் சாப்பாட்டு டப்பா, குடை, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் அதற்குள்தான் வைப்பார். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த பில் புத்தகம் மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கும். அதில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு மீசைக்காரர் மாடி ஏறி வந்தார். விலைச்சீட்டைப் பார்த்தார். மூச்சு நிற்கவில்லை. பெரியவரின் கதவில் உரிமையோடு கை வைத்து, "இதை எடுத்துக்கறேன்" என்றார்.

அத்தான் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். "நடுத்தரத்தைப் பாருங்க சார். உங்களுக்கு அது போதும்" என்றார்.

"எனக்கு எது போதும்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

"அதுக்கில்ல சார், இது வேற ஒருத்தருக்குப் பேசி வெச்சிருக்கு."

"அவர் என்ன தராரோ அதுக்கு மேல நான் தரேன்."

வேறு வழியில்லாமல் அத்தான் உண்மையைச் சொன்னார். "சார், உள்ள மோட்டாரே இல்ல."

மீசைக்காரர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எனக்குக் கொடுக்கக் கூடாதுன்னு என்னவெல்லாம் சொல்றாரு பாருங்க." அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா கதவைத் திறந்து, "குடைகூட வைக்க இடம் இருக்கே, இன்னொண்ணு இருந்தா எனக்கும் போடுங்க" என்றார்.

அத்தானின் கை பில் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வாழ்நாளில் ஒரே ஒரு பில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவரை அப்படிப் பிடித்து ஆட்டியது. முதல் தாளில் தேதியை எழுதினார். அப்புறம் வீட்டு நினைப்பு வந்தது. பேனாவை மூடினார். பதினெட்டு வருஷம் வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பிழைத்த மனிதர் அல்லவா? விலைச்சீட்டை மெதுவாகக் கிழித்தார்.

"சரி சார், உங்களுக்காகப் பாதி விலைக்குத் தரேன்."

மீசைக்காரர் சுட்டதுபோலக் கையை எடுத்தார். "பாதியா? எதுக்குப் பாதி?"

"சும்மாதான் சார்."

"இதுல என்னமோ கோளாறு இருக்கு." அவர் நடுத்தரத்தை வாங்கினார். அந்த அம்மாவும் நடுத்தரத்தை வாங்கினார். திரும்பி வந்த முதலாளி, பக்கத்தில் நின்ற ஊழியரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். தட்டின் முன்னால் உட்கார்ந்து அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். வேலை தப்பியதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. "வேணும்னு கேட்டு வந்த ஒரே ஆளு. அவனையும் விரட்டிட்டேன்" என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. கிண்டல் செய்ய எனக்கே மனசு வரவில்லை.

அக்கா அவர் தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா எனக்கு மூணு போட்டோ காட்டினாரு. நடுவுல இருந்தவரைத்தான் அவர் முடிவு பண்ணி வெச்சிருந்தாரு. அவரை எடுப்பாக் காட்டத்தான் ஓரத்துல உங்க போட்டோ."

இது எனக்கே தெரியாது. அத்தானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"இவர் வேணாம்மா வேணாம்மான்னு அப்பா சொல்லச் சொல்ல, இவர்தான் வேணும்னு எனக்குப் பிடிவாதம் வந்துடுச்சு. பாதி விலைன்னு சொல்ல அப்பாவுக்குத் தோணல."

அத்தான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "வாங்கினப்புறம் உள்ள மோட்டார் இல்லன்னு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாப்பாட்டு டப்பா வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் வெச்சிட்டுதான் இருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பில் புத்தகத்தை எடுத்தார். தேதி மட்டும் எழுதியிருந்த அந்த முதல் தாளில், வாங்குபவர் என்ற இடத்தில் அக்கா பெயரையும், பொருள் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினார். விலை என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அக்காவைப் பார்த்தார்.

"முழு விலையே போடுங்க" என்றாள் அக்கா.