மாமா கழற்றிய செயின்

வடக்குப்பட்டு ஏரிக்கரை உடைந்து, டீக்கடை பெஞ்சு மிதந்துபோய் அடுத்த ஊரில் ஒதுங்கியதே, அதற்கு மறு வருஷம் நடந்தது இது. அந்தப் பெஞ்சை அவர்கள் திருப்பித் தரவே இல்லை. கேட்கப் போனவர்களை அதிலேயே உட்காரவைத்து, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

இந்தப் பக்கம் அப்போது கம்பெனி ஏதும் கிடையாது. ஆனால் மரம் அறுக்கும் மெஷின் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு இருந்தன. ஒன்று அப்பாவின் தம்பி, என் சித்தப்பாவுடையது. பட்டணத்துச் சாமான், வாள் கிட்டத்தட்ட என் உயரம். மற்றது அம்மாவின் தம்பி, என் மாமாவுடையது. மலைத் தோட்டத்தில் உழைத்துக் களைத்ததென்று கழித்துவிட்ட சின்ன மெஷின். சித்தப்பா அதைக் கொசு என்றுதான் சொல்வார்.

மாமா நீள வாளை எடுத்துவிட்டுக் குட்டை வாள் போட்டார். புகை போகிற டப்பாவில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டார். கொசு சிங்கமாகக் கத்தியது. பிறகு வாளைச் சுற்றி ஓடுகிற பல் செயினில் கைவைத்தார். செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அந்த மேடுதான். மாமா அத்தனை மேட்டையும் அரத்தால் ராவித் தள்ளினார். இன்னொரு செயினை மட்டும் வந்தபடியே வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், வைத்த பொட்டு அழியுமுன்பே பந்தயம். ஒரே வேப்பமரத் துண்டு, ஆளுக்கு ஒரு முனை. சித்தப்பா மெஷினிலிருந்து ரவை மாதிரித் தூள் கொட்டியது. மாமா மெஷினிலிருந்து அவல் அவலாகப் பறந்தது. சித்தப்பா பாதி தாண்டுமுன் மாமாவின் துண்டு கீழே விழுந்துவிட்டது. கடைசியில் ஒரு தடவை மெஷின் துள்ளி மாமாவின் தோள்வரை வந்து போனது. ஜெயித்த குஷியில் அதுவும் ஆடுகிறது என்று நினைத்துக் கைதட்டினேன். மாமா சிரிக்கவில்லை.

ஐப்பசியில் காற்றும் மழையும் வந்தன. சித்தப்பா மாட்டை அவிழ்க்கப் போன நேரம், புளியமரம் கொட்டகைமேல் சாய்ந்தது. மாடு தப்பியது. சித்தப்பாவின் கால் ஒரு கிளைக்கடியில் மாட்டிக்கொண்டது. பெரிய மெஷினும் அங்கேதான் நசுங்கிக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் கொட்டகைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சித்தி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள்.

மாமா மெஷினோடு ஓடிவந்தார். வந்தவர் உட்கார்ந்து செயினைக் கழற்றினார். இடுப்பிலிருந்து அந்த ராவாத பழைய செயினை எடுத்து மாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது வாணாம் மாமா, ஜெயிச்சத போடு," என்று கத்தினேன்.

அந்த வலியிலும் சித்தப்பாவுக்கு வாய் அடங்கவில்லை. "இன்னா மச்சான், நல்ல செயின எனக்குப் போடமாட்டியா? புள்ளைக்கே கோவம் வருது பாரு."

"அது பந்தயத்துக்கு. உன் காலுக்கு இதான். ஆடாம கெட."

கிளை வில்லாக வளைந்து இறுகியிருந்தது. மாமா கீழே கொஞ்சம் அறுப்பார், நிறுத்துவார், பார்ப்பார். பிறகு மேலே கொஞ்சம். தண்ணீர் சித்தப்பாவின் மார்புக்கு வந்துவிட்டது. மெஷின் கடைசிவரை ரவையைத்தான் கொட்டியது. ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. கிளை அடங்கி உட்கார்ந்ததும் நாலு பேர் சித்தப்பாவை இழுத்தார்கள். கால் முழுசாக வந்தது. அப்புறம் சாகும்வரை கொஞ்சம் சாய்ந்து நடந்தார்; கொசு என்று சொல்வதையும் விடவில்லை. ஆனால் ஆயுத பூஜை வந்தால் முதல் பூ அந்தக் கொசுவுக்குத்தான் வைப்பார்.

நான் மாமாவோடு ரொம்ப நாள் பேசவில்லை. கேலி செய்தவருக்கு நல்ல செயினைக் கொடுக்க மனசு வராமல் ஒளித்துவிட்டார் என்றே நினைத்தேன். மறைமலை நகர் ரோட்டோரத்தில் நானே மேடு ராவிய செயினோடு மரம் அறுத்து, அது துள்ளி என் தாடையைக் கிழித்த பிறகுதான், பந்தயத்தன்று மாமா ஏன் சிரிக்கவில்லை என்று தெரிந்தது. அதைப் போய்ச் சொல்ல அப்போது மாமா உயிரோடு இல்லை.

மழை விட்டால் விழுந்த மரத்தை அறுக்க வல்லம் வடகால் பக்கம் இளவட்டப் பிள்ளைகள் மெஷினோடு வருகிறார்கள். என்னமாய் அறுக்கிறார்கள், பார்த்துக்கொண்டே நிற்கலாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒன்று சொல்லுங்கள். ஆள் மாட்டியிருக்கிற இடத்தில் ராவாத செயினை மாட்டட்டும். என் மாமா சொன்னதாகவே சொல்லுங்கள்.