நடுவில் சிவப்பில்லாத பிளேன்

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பற்றிப் பெரிதாகச் சொன்ன ஒரே விஷயம், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் வவுனியா விமானத்தளத்தில் வெள்ளைக்காரரின் சண்டைப் பிளேன்களுக்குப் பெயின்ற் அடித்தவர் என்பதுதான். அப்பா அதைக் கேட்டு வாயைப் பிளந்துவிட்டார். யுத்தம் முடிந்ததோடு அந்த வேலையும் முடிந்துவிட்டது என்பது தாலி ஏறிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

உருத்திரபுரத்தில் காணி கிடைத்து நாங்கள் குடியேறியபோது கதையும் கூடவே வந்து குடியேறியது. அயலில் எல்லாருக்கும் அவர் "பிளேன்காரர்". "பிளேன்காரரின்ர எருமை என்ர வயலுக்கை இறங்கிட்டுது" என்று பக்கத்து வளவுக்காரர் கூப்பாடு போடுவார். ஆனால் என்ன பிளேன், என்ன நிறம், எப்படி அடித்தீர்கள் என்று யாராவது துருவினால் இவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பார்க்கப் போய்விடுவார். எனக்கே மெல்லச் சந்தேகம் பிடித்தது. தளத்தில் புல்லுத்தான் வெட்டினாரோ என்னவோ!

என் தம்பி யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞன். இங்கிலீசுச் சஞ்சிகைகள் வாசிக்கிறவன் என்பதால் அவனுக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லை. ஒருமுறை வந்து நின்றபோது, "அக்கா, அத்தான் பிளேனைக் கிட்டவும் கண்டிருக்க மாட்டார்" என்று குசினிக்குள் வந்து சிரித்தான். வெளியே கை கழுவிக்கொண்டிருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. தம்பி பஸ் ஏறிய மறுநாள் வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு கொப்பைத் தறித்தார். அந்தப் பிளேனை அப்படியே சின்னதாக மரத்தில் செதுக்கிக் காட்டப் போகிறாராம்.

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் வீட்டு யுத்தம்.

"ஓரடிக்கு அரை அங்குலம்" என்பது அவருடைய கணக்கு. தளத்தில் நின்ற பிளேனின் இறக்கையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எத்தனை எட்டு என்று கால்கள் மறக்கவில்லையாம். முற்றத்தில் நடந்து காட்டினார், கோழிகள் சிதறி ஓடின. என் தையல் நாடா அன்றிலிருந்து அவருடையதாயிற்று. உடைந்த போத்தல் ஓட்டால் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கினார். பிளேனின் துவக்குக் குழாய்களுக்கு என் விளக்குமாற்று ஈர்க்கு. சில்லுக்கு என் சட்டைப் பொத்தான். கால்களுக்குச் சைக்கிள் கம்பி. அது மட்டும்தான் அவருடைய சொத்து. ஒரு பின்னேரம் பின்னால் வந்து என் பின்னலைக் கையில் எடுத்தார். கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு இப்படி ஒரு ஆசையா என்று நான் வெட்கப்பட்டு நிற்க, கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. மெல்லிய கோடு கீற அவருக்குத் தூரிகை தேவைப்பட்டிருக்கிறது.

பெயின்ற் அடிக்கத் தொடங்கியதும் மனிசன் வேறு ஆளாகிவிட்டார். மேலே பச்சையும் மண்ணிறமும் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து போக வேண்டும், வயிற்றுப் பக்கம் சாம்பல். வளைவு அரை விரல் பிசகினாலும் துடைத்துவிட்டுத் திரும்பவும் அடிப்பார். என் தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்காதவர், பிளேனின் வாலை மூக்கில் முட்டும்படி பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. பகிடிக்குத்தான் தம்பிக்கு எழுதினேன்: வரும்போது இங்கிலீசுக்காரரின் பிளேன் படம் ஒன்று கொண்டு வா, உன் அத்தானின் குட்டு வெளிக்கட்டும்.

அவன் சஞ்சிகையோடு வந்து இறங்கிய நேரம், இவர் பிளேனை மல்லாத்தி வைத்து இறக்கையின் கீழ்ப்பக்கத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு இறக்கையிலும் நீல வட்டம், நடுவில் வெள்ளை. இன்னும் ஈரம் காயவில்லை.

தம்பி படத்தைப் பக்கத்தில் விரித்தான். "அத்தான், நடுவில சிவப்பு எங்கை? இஞ்சை பாருங்கோ, நீலம், வெள்ளை, நடுவில சிவப்பு. இதுகூடத் தெரியாமலே பெயின்ற் அடிச்சனீங்கள்?"

"இஞ்சை நிண்ட பிளேனில சிவப்பு இல்லை, தம்பி."

"படம் பொய் சொல்லுமே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தத் துணிவில் தம்பி சாமி அறைக்குள் போய் என் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, விரலால் தொட்டு, ஒரு இறக்கையின் வெள்ளைக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்தான். "இப்பதான் சரி!"

ஈரப் பெயின்றில் குங்குமம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் உப்பிடித்தான் இருந்தது. ஜப்பான்காரன்ர பிளேனில சிவப்பு வட்டம். கீழ நிண்டு சுடுறவைக்கு எங்கட பிளேனும் அவன்ர மாதிரித் தெரியுமெண்டு சிவப்பை மறைக்கச் சொன்னவங்கள். அதுதான் என்ர வேலை. மல்லாந்து படுத்துக்கொண்டு சிவப்புக்கு மேல வெள்ளை அடிக்கிறது. ஒரு பூச்சில மறையாது, பேந்தும் தெரியும், பேந்தும் அடிக்கிறது."

"அவ்வளவுதானா?" என்று தம்பி சிரித்தான்.

"அவ்வளவுதான். போன பிளேனில சிலது திரும்பி வரேல்லை. வெள்ளைக்காரருக்கு அது பெயின்ற். எனக்கு, பொட்டை அழிச்சுப்போட்டு அனுப்பின மாதிரி. ஆரோ ஒருத்தன்ர பெஞ்சாதியின்ர பொட்டு. ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பொம்பிளை கேட்டு வந்த வீட்டில இந்தக் கதையைச் சொன்னால் ஆர் பிள்ளை குடுப்பினம்? அதுதான் பெயின்ற் அடிச்சனான் எண்டு மட்டும் சொல்லச் சொன்னனான்."

ஏழு வருடம் நான் புளுகு என்று நினைத்துச் சிரித்தது இதைத்தான். தம்பி சஞ்சிகையை மெல்ல மூடினான்.

அவர் தூரிகையை வெள்ளையில் தோய்த்தார். பிழையை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். இறக்கையை இடக்கையால் பிடித்து, தூரிகையைப் பொட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொண்டுபோனவர் நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

பிறகு தூரிகையை மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் போட்டுவிட்டு, "காயட்டும், ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று சொல்லி எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

பிளேன் இன்றைக்கும் எங்கள் அலுமாரிக்கு மேல் நிற்கிறது. தூக்கிப் பார்க்கிறவர்கள், கீழே ஒரு இறக்கையில் மட்டும் சிவப்பு இருப்பதைக் கண்டு, மற்றதற்கு அடிக்க மறந்துவிட்டாரா என்று கேட்பார்கள். "ஓம், மறந்துபோனன்" என்பார் அவர்.